சீட்காரர் தனக்குத் தைத்த உடுப்பு

சீட்காரருக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தபோது வயது நாற்பத்து நான்கு. இருபதில் பிடித்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தொப்பையும் மூட்டுவலியும் வந்து சேர்ந்த பிறகு, பந்தய டிராக்கில் வண்டி ஓட்டப் போகிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் தெருவே கூடிச் சிரிக்கும். சிரித்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரிக்கிறவர்களின் வண்டியிலும் சீட் கிழியத்தான் போகிறது, அப்போது தன்னிடம்தானே வர வேண்டும் என்று விட்டுவிட்டார்.

பஸ் பணிமனையின் பின்வாசலுக்கு எதிரே அவருடைய கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, சுவரில் சாய்த்துவைத்த ரெக்சின் சுருள்கள், கூரைக் கம்பியில் வரிசையாகத் தொங்கும் பைக் சீட்கள். உள்ளே காலை வைத்ததும் பசை வாசனை மூக்கில் ஏறும். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். அவர் தைத்த சீட்டுக்கு ஒரு பெயர் உண்டு: உட்கார்ந்தவர் வழுக்க மாட்டார். அதற்கென்றே சொரசொரப்பான ஒரு துணியைத் தேடிப் பிடித்து வாங்கி, சீட்டின் நடுவில் வைத்துத் தைப்பார். "பிரேக் பிடிச்சா பின்னால இருக்கறவங்க முன்னால வந்து இடிக்கக் கூடாதுங்க. எத்தனை வீட்ல சண்டையே இதனாலதான் ஆரம்பிக்குது தெரியுமா?" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இந்த நிம்மதியான பிழைப்பைக் கெடுத்தவர் ஒரு பல் டாக்டர். ஒல்லியான மனிதர், நாணல் குச்சி மாதிரி. நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் கை நிறைய எதையோ சுருட்டிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக இருக்கும் தோல் உடுப்பு. டிராக்கில் ஓட்டுகிறவர்கள் போடுவது. அங்கங்கே கிழிந்து, தேய்ந்து, புல் கறையோடு கிடந்தது.

"எல்லாக் கடையிலயும் முடியாதுன்னுட்டாங்க. நீங்க தைப்பீங்களா?"

சீட்காரர் உடுப்பை மேஜைமேல் விரித்துத் தடவிப் பார்த்தார். "இடது பக்கமா விழுந்திருக்கீங்க. முதல்ல தோள், அப்புறம் இடுப்பு. கடைசியா கையை ஊனி எழுந்திரிச்சிருக்கீங்க, சரியா?"

பல் டாக்டர் வாயைப் பிளந்தார். அடுத்தவர் வாயைப் பிளக்கவைத்தே பிழைக்கிறவர், அன்றைக்குத் தானே பிளந்துகொண்டு நின்றார்.

அதிலிருந்து டிராக்கில் விழுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். தைக்க முடிந்ததைத் தைத்துக் கொடுத்தார். முடியாததை அவர்களே, "நீங்களே வச்சுக்கோங்க, சீட்டுக்காவது ஆகும்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். அவர் அதில் ஒன்றைக்கூட சீட்டுக்கு வெட்டவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது அவருக்கே பதில் தெரிந்திருக்காது. மடித்து மடித்து அலமாரியில் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டருக்கு அவசரமாக உடுப்பு தேவைப்பட, அதைக் கொடுக்க சீட்காரரே டிராக்குக்குப் போனார். கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் திட்டம். கம்பி வேலியோரம் வண்டியை நிறுத்தினார். எதிரே ஒரு வளைவு. வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து, தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்து போயின. எதிரில் வருகிற லாரி இல்லை, குறுக்கே ஓடுகிற நாய் இல்லை, ஹாரன் இல்லை. எல்லோரும் ஒரே திசையில் போனார்கள். அவர் தினமும் வண்டி ஓட்டுகிற தெருவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவார். வண்டி ஓட்டுவதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து, கம்பியின் தடம் நெற்றியில் பதிய நின்றார். வீட்டுக்குப் போனதும் மனைவி, "நெத்தியில என்ன கட்டம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பொய்தான்.

ஆசை வந்துவிட்டது, பணம் வரவில்லை. பல் டாக்டர் ஒருநாள் விவரம் சொன்னபோது சீட்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. உடுப்பு ஒன்றின் விலையில் அவர் கடைக்கு மூன்றாவது மெஷினே வாங்கிவிடலாம். ஆனால் பல் டாக்டர் நல்ல மனிதர். ஆசையை அடக்கச் சொல்லவில்லை, செலவை அடக்க வழி சொன்னார். "பெரிய வண்டி வேண்டவே வேண்டாம். உங்க ஓட்ட வண்டியே போதும். சின்ன வண்டியில கத்துக்கிட்டவன்தான் வளைவுல ஓட்டுவான், மத்தவன் நேர்ரோட்லதான் வீரன். கண்ணாடியைக் கழட்டுங்க, லைட்டுக்கு டேப் ஒட்டுங்க, பிரேக் கட்டையைப் புதுசா மாத்துங்க. டயர்ல பட்டன் தேயாம இருக்கணும். ஹெல்மெட் மட்டும் புதுசு. அதுல கஞ்சத்தனம் பண்ணா நானே உங்களை உள்ள விட மாட்டேன்."

"உடுப்பு?"

பல் டாக்டர் அலமாரியைப் பார்த்தார். சீட்காரரும் பார்த்தார்.

டிராக்கில் ஒரு நாள் ஓட்ட நுழைவுக் கட்டணம் உண்டு. அதற்கும் பல் டாக்டர்தான் வழி சொன்னார். கை எலும்பு நொறுங்கி, ஆறேழு மாதத்துக்குக் கட்டை அவிழ்க்க முடியாது என்று ஆகிவிட்டதால், ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருந்த தன்னுடைய ஒரு நாளைச் சீட்காரருக்கு மாற்றிக் கொடுத்தார். பதிலுக்குத் தன் உடுப்புகளைத் தைத்துத் தந்தால் போதும் என்றார். இதில் யாருக்கு லாபம் என்று சீட்காரர் யோசிக்கவே இல்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டும் விட்டார். பல் டாக்டர்தான் வெட்கப்பட்டார்.

மீதி இருந்தது ஒரே ஒரு ஆள். மனைவி.

அவள் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். சாலையில் விழுந்தவர்களின் தோலில் பதிந்த கல்லையும் மண்ணையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக் கட்டுவது அவள் வேலை. பதினேழு வருடமாகச் செய்கிறாள். மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்த இடுக்கிதான் ஞாபகம் வரும். சீட்காரர் மூன்று வாரம் வார்த்தைகளைக் கோத்து, ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "விழுவீங்களா?"

"எல்லாரும் ஒருநாள் விழுவாங்களாம்."

"பொய் சொல்லாம சொன்னீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்." இரண்டு துணி மடித்தாள். "அங்க உடுப்பு, வண்டி எல்லாத்தையும் பார்த்து விடறவங்க இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க. ரொம்பக் கறார்."

"அவங்க சரின்னா போங்க. அவங்க வேணாம்னா பேரம் பேசக் கூடாது, கெஞ்சக் கூடாது, டாக்டரைத் தெரியும் ஆளைத் தெரியும்னு சொல்லக் கூடாது. அப்படியே திரும்பி வரணும். வந்து அந்த உடுப்பை வெட்டி சீட் தைக்கணும். அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? அவ்வளவு கிடைத்ததே பெரிய காரியம்.

ஐந்து மாதம், கடை திறப்பதற்கு முன் தினமும் ஒன்றரை மணி நேரம் தைத்தார். பதினொரு பேருடைய உடுப்பிலிருந்து நல்ல இடமாகப் பார்த்து வெட்டினார். முதுகு வெள்ளை, வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், கால்கள் கறுப்பு, தொப்பைக்கு மட்டும் தனியாக நீலத்தில் ஒரு அகலத் துண்டு. தோள், முழங்கை, முழங்கால் காப்புகளையும் பழைய உடுப்புகளிலிருந்தே எடுத்துச் சோதித்து வைத்தார். அவர் வண்டியில் குனிந்து உட்கார்ந்திருக்க, மைத்துனன் சாக்பீஸால் உடம்பைச் சுற்றி அடையாளம் போட்டான். மைத்துனனுக்குச் சொந்தமாக ஒரு சரக்கு வேன். மாமா என்றால் உயிர், மாமாவைக் கேலி செய்வதென்றால் அதைவிட உயிர்.

"மாமா, எல்லா நாட்டுக் கொடியும் உங்க மேல இருக்கு. எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் நின்னு சல்யூட் அடிப்பான்."

"மாப்ளே, சாக்பீஸை நேரா பிடி."

உடுப்பு முடிந்த அன்று சீட்காரர் அதை மேஜையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்று மட்டும் மனதில் உறுத்தியது. நான்கு வருடமாக அவர் கைக்கு வந்த உடுப்புகளில் தோளிலும் இடுப்பிலும் நீள நீளமாகத் தேய்ந்த தடங்கள். பாவம், எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது! விழுந்தவர் சட்டென்று நின்றால் நல்லதுதானே? அந்தச் சொரசொரப்பான சீட் துணி கையருகிலேயே இருந்தது. இரண்டு தோள், இரண்டு முழங்கை, இரண்டு இடுப்புப் பக்கம் என்று ஆறு துண்டு வெட்டி, மேலே வைத்து, இரட்டைத் தையல் போட்டார். பந்தய உடுப்பு செய்கிற பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று ஒரு கர்வமும் வந்தது. அவர்கள் சீட் தைத்ததில்லை, பாவம்.

அந்த நாள் வந்தது. மைத்துனனின் வேனில் வண்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, விடிந்து கொஞ்ச நேரத்தில் டிராக் திடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நின்ற வண்டிகளைப் பார்த்ததும் சீட்காரருக்குக் கொஞ்சம் கூச்சம். ஒவ்வொன்றும் பளபளவென்று மினுங்கியது. இவருடைய வண்டியின் பின்கம்பியில் ரெக்சின் சுருள் கட்டுகிற கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கிட்டே வந்து சிவப்புக் கையைத் தொட்டு, "இது என்னோடதுதானே? மூணாவது வளைவுல போனது!" என்று அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கூச்சம் இல்லை.

பரிசோதனை மேஜையில் இருந்தவர் முப்பது வயது சொல்லக்கூடிய ஒரு பெண். கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் தொங்கும், அதனால் எல்லோருக்கும் டார்ச் மேடம். வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக்கை அழுத்தினார். சக்கரத்தை ஆட்டினார். எண்ணெய் திருகாணி கழன்றுவிடாமல் சுற்றிக் கட்டியிருந்த கம்பியை இழுத்துப் பார்த்தார். "வண்டி சுத்தம்," என்றார். ஹெல்மெட்டுக்கும் தலையசைத்தார். பிறகு டார்ச்சைப் போட்டு உடுப்பின் தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யார் தைச்சது?"

"நான்தான் மேடம்."

"தையல் பிரமாதம்." சீட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் டார்ச் மேடத்தின் விரல் தோளில் நின்றது. ஒருமுறை தேய்த்தது. "இது என்ன?"

சீட்காரர் பெருமையோடு விளக்கினார். வழுக்காத துணி, விழுந்தால் சட்டென்று நிற்கும், சொந்த யோசனை.

டார்ச் மேடம் டார்ச்சை அணைத்தார். "சார், இதோட உங்களை விட மாட்டேன்."

"மேடம்?"

"சட்டுன்னு நிக்கக் கூடாது சார். வழுக்கணும். வழுக்கி வழுக்கித்தான் வேகம் குறையணும். தோள் தரையைப் பிடிச்சு நின்னுடுச்சுன்னா, உடம்பு நிக்குமா? அது பாட்டுக்கு உருளும். எலும்பு போறதெல்லாம் உருள்றதுலதான். நீங்க பார்த்த அந்த நீளத் தடமெல்லாம் ஆளைக் காப்பாத்தின தடம்."

சீட்காரரை அவருடைய இருபத்திரண்டு வருடப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழியில் தள்ளியிருக்கிறது. ஆனால் முதலில் வந்தது அறிவு இல்லை, கோபம். ஐந்து மாத உழைப்பு! அரை நிமிஷத்தில் வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? மைத்துனன் ஒரு அடி முன்னால் வந்தான். "மேடம், சின்ன வண்டி, மெதுவா ஓட்டறவங்க கூட்டத்துலதான் போறாரு. இந்த ஒரு தடவை மட்டும்..."

"மாப்ளே, வாயை மூடு." சீட்காரரே அதட்டினார். பேரம் பேசக் கூடாது, கெஞ்சக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். "சரிங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்.

பத்து தப்படி போயிருப்பார். பின்னாலிருந்து டார்ச் மேடத்தின் குரல் வந்தது. "சார், வீட்டுக்குப் போகச் சொல்லலை. சரி பண்ணிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். அஞ்சு மணிவரை இங்கதான் இருப்பேன்."

இது பேரத்தில் சேருமா, சேராதா என்று சீட்காரர் நேர்மையாக ஒரு கணம் யோசித்தார். சேராது என்று முடிவுக்கு வந்தார்.

அன்றைக்கு மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு, ஒவ்வொன்றும் இருபது நிமிடமாக ஆறு ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு வண்டிகள் கிளம்பிய சத்தம் கேட்டபோது அவர் வேனுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த இடமெல்லாம் வரிசையாக ஊசி ஓட்டை. அப்படியே விட்டால் தபால் தலை மாதிரி அந்த வரியில் கிழியும். மேலே வழவழப்பான தோல் வைத்து மூட வேண்டும். குத்தூசியும் மெழுகு நூலும் எப்போதும் பையில் இருக்கும். தோல்தான் இல்லை.

பல் டாக்டர் கட்டுப்போட்ட கையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஓடி வந்தார். முதலில் காரில் கிடந்த தன் உடுப்பையே போட்டுக்கொள்ளச் சொன்னார். சீட்காரர் முயன்றார். தொடைக்கு மேல் ஏறவில்லை. அந்தக் கோலத்தைப் பார்த்து மைத்துனன் வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சீட்காரருக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பல் டாக்டர் வெளியே போனார். பத்து நிமிடத்தில், யாரோ காருக்குப் பின்னால் போட்டு வைத்திருந்த கிழிந்த உடுப்பு ஒன்றோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் ஒரு பழைய தோல் சட்டையோடு வந்தார். சீட்காரர் கேட்காமலே, தெரிந்தவர் தெரியாதவர் என்று ஆள்மாற்றி ஆள் வந்து கையில் கிடைத்த பழைய தோலை வேன் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். சீட்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார்கள்.

பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் நூலை இழுத்துப் பிடித்தார். "நானும் தைக்கிறவன்தான். ஈறுதான் தைப்பேன். ஆனா தையல் தையல்தானே?"

"உங்க ஆளுங்களுக்கு மயக்க மருந்து உண்டு டாக்டர். இது முரண்டு பிடிக்குது."

மதிய இடைவேளையில் டார்ச் மேடமே வந்தார், ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. நின்றபடி பார்த்துவிட்டு, விளிம்பை இன்னும் உள்ளே மடிக்கச் சொன்னார், நூல் வெளியே தெரிந்தால் தரையில் உரசி அறுந்துபோகும் என்றார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தானாகவே சொன்னார்: "வேணாம்னு சொல்லித் திட்டு வாங்கறதுதான் சார் என் வேலை. நீங்க திட்டவே இல்லை."

"மனசுல திட்டினேன் மேடம்."

அவர் சிரித்தே விட்டார்.

நான்கு ஓட்டம் போய்விட்டது. ஐந்தாவதுக்கு முன்னால் உடுப்பு மறுபடி மேஜைக்குப் போனது. டார்ச் வெளிச்சம் ஆறு இடத்திலும் நின்று நின்று நகர்ந்தது. டார்ச் மேடம் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்து ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒட்டி, சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, கீழே தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். தையலில் சந்தேகம் வந்தால் கேட்கலாமாம்.

சீட்காரர் டிராக்கில் இறங்கினார். முதல் சுற்றில் அவருடைய கண், கழற்றிவிட்ட கண்ணாடியைத் தேடியது. வளைவு வந்ததும் கட்டை விரல் இண்டிகேட்டர் போட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, முறைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் தோள் இறுக்கம் விட்டது. ஐந்தாவது சுற்றில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் பார்த்த அதே வளைவில், வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தார். பல் டாக்டர், டார்ச் மேடம், மைத்துனன், துணி மடித்துக்கொண்டே சரி சொன்ன மனைவி என்று ஒவ்வொருவராக நினைவில் வந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து தூக்கிக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் கண் கரித்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கித் துடைக்கவும் வழியில்லை.

கடைசி ஓட்டத்தில் விழுந்தார்.

கொஞ்சம் தைரியம் வந்துவிட்டிருந்தது, அதுதான் காரணம். வலது பக்க வளைவுக்குள் வேகத்தைக் குறைக்காமல் நுழைந்து, சாய்ந்தபடியே முன் பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் கீழிருந்து நழுவிப் போனது. வலது தோள் தரையைத் தொட்டது, பிறகு இடுப்பு. தார் உரசும் சத்தம் காதுக்குள் கேட்டது. இப்போது உருளப் போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். உருளவில்லை. வழுக்கிக்கொண்டே போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். புல்லில் மெதுவாக நின்றார். வானம் தெரிந்தது. கையை அசைத்தார், அசைந்தது. காலையும் அசைத்தார்.

கொடி பிடிக்கிறவர் ஓடி வந்தார். "எங்கயாவது வலிக்குதா?"

"மானம்தாங்க."

வண்டியில் பிரேக் பிடியும் கால் வைக்கும் கம்பியும் வளைந்திருந்தன, அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் இருந்த டாக்டர் எல்லா மூட்டையும் அமுக்கிப் பார்த்து அனுப்பினார். டார்ச் மேடம் உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் ஒரு நீளத் தடம். தோல் பாதியளவு தேய்ந்திருந்தது. ஒரு நூல்கூட அறுபடவில்லை. "காலையில நீங்க கொண்டுவந்ததைப் போட்டுக்கிட்டு இப்படி விழுந்திருந்தா..." என்று தொடங்கியவர், சீட்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சீட்காரர் அந்தத் தடத்தைத் தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் வழியில் மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க. ஒரு சாயம், ஒரு பாலிஷ். பத்து நிமிஷத்துல தடமே தெரியாது. உங்களுக்குத் தெரியாத வித்தையா?"

தெரிந்த வித்தைதான். கடை சாவியும் கையில் இருந்தது. கடைக்குத் திரும்புகிற தெருமுனையில் மைத்துனன் வேனை மெதுவாக்கினான். சீட்காரர் அந்தத் தெருவைப் பார்த்தார். "வீட்டுக்கே போ," என்றார்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். சீட்காரர் உடுப்பைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, வலது தோள் மேலே தெரியும்படி வைத்தார். காலையில் வேண்டாம் என்று சொன்னதிலிருந்து புல்லில் போய் நின்றதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னார். பிரித்தெடுத்த ஆறு துண்டையும் பையிலிருந்து எடுத்து உடுப்பின் பக்கத்தில் வைத்தார்.

அவள் அந்தச் சொரசொரப்பான துண்டு ஒன்றை எடுத்து, தன் முன்கையில் அழுத்தி லேசாக இழுத்துப் பார்த்தாள். தோல் அதோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கீழே வைத்தாள். பிறகு உடுப்பின் கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டு, தடத்துக்கு நேர் கீழே, உள்பக்கத்தைத் தடவினாள். அங்கே எதுவும் இல்லை. வழவழப்பாக இருந்தது. இப்படி ஒரு தடம் மனிதத் தோலில் இருந்தால் அதைக் கழுவ எத்தனை மணி நேரம், கட்ட எத்தனை வாரம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சீட்காரரின் சட்டையை விலக்கி வலது தோளைப் பார்த்தாள். கொஞ்சம் சிவந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அவங்க நம்பர் இருக்கா?"

"யாரோட நம்பர்?"

"அந்த மேடத்தோடது."

சோதனைச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். திட்டப் போகிறாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். மைத்துனன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான், வேன் சாவியைக் கையில் பிடித்தபடி. அவள் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"மேடம், நான் சீட் தைக்கிறவர் வீட்டுக்காரி பேசறேன்... இல்லம்மா, நல்லா இருக்காரு. ஒண்ணும் இல்லை." மேஜையில் கிடந்த ஆறு துண்டையும் ஒரு கையால் ஒன்றாகச் சேர்த்தாள். "காலையில அவரை வேணாம்னு சொன்னீங்களாமே. அதுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"பத்து வருஷமா வேணாம்னு சொல்லிட்டிருக்கேன்க்கா," என்றார் டார்ச் மேடம். "அதுக்குன்னு ஒருத்தர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை."